பெரிய வியாழன் மாலைத் திருப்பலியை முதன்முறை ஒருங்கிணைக்கிறீர்களா? படிப்படியாக ஒரு வழிகாட்டி

பெரிய வியாழன் வழிபாட்டுக்கான ஏற்பாட்டுப் பொறுப்பு என் கைக்கு வந்தபோது, என்னென்ன செய்ய வேண்டும் என்று யாரும் எழுதிவைத்த தாள் ஒன்றும் கிடைக்கவில்லை. கேட்டவர்கள் எல்லாம் “போன வருஷம் மாதிரிதான்” என்றார்கள், போன வருஷம் என்ன நடந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். பாதம் கழுவுவது மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. ஆனால் சிக்கல்கள் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வருகின்றன: நற்கருணைப் பவனி (அர்ச்சிக்கப்பட்ட அப்பத்தை ஊர்வலமாகக் கொண்டுபோவது), மாற்றுப்பீடம் (அதை மறுநாள் வரை வைக்கும் இடம்), பீடத்தைக் களைவது (துணி, மெழுகுவர்த்தி எல்லாவற்றையும் எடுத்துவிடுவது), நள்ளிரவு வரைக்குமான ஆராதனை என்று. அந்த இரவில் யாரும் கிசுகிசுத்துக்கொண்டு அங்குமிங்கும் ஓடாமல் எல்லோரும் ஜெபிக்க வேண்டும், ஏற்பாடு செய்த நீங்களும் சேர்ந்து. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது உரோமை வழிபாட்டு முறையைப் பின்பற்றும் கத்தோலிக்க ஆலயங்களுக்கு. மற்ற சபைகளின் பெரிய வியாழன் ஆராதனை ஒழுங்கு வேறு, அதில் இதை அப்படியே பொருத்த வேண்டாம்.

1. தேதியைக் குறித்துப் பின்னோக்கித் திட்டமிடுங்கள்

பெரிய வியாழன் மார்ச் 19-க்கு முன்னால் வராது, ஏப்ரல் 22-க்குப் பின்னால் போகாது. 2027-இல் மார்ச் 25, 2028-இல் ஏப்ரல் 13. சீக்கிரம் வரும் ஆண்டுகளில் தவக்காலமே எதிர்பாராத வேகத்தில் தொடங்கிவிடும், அதனால் திருநீற்றுப் புதன் கழிந்த வாரத்திலேயே முதல் கூட்டத்தை வைத்துவிடுங்கள்.

வேலைகளைப் பின்னோக்கிப் பிரித்தால் ஏறக்குறைய இப்படி வரும். ஆறு வாரம் இருக்கும்போது பங்குத்தந்தையுடன் பேச்சு. நான்கு வாரம் இருக்கும்போது பாதம் கழுவப்படுபவர்கள், வாசகர்கள், பாடகர்கள் யார் என்பது முடிவாக வேண்டும். இரண்டு வாரத்துக்கு முன் அப்பம், இரசம், மெழுகுவர்த்தி எல்லாம் வாங்கி முடித்திருக்க வேண்டும். ஒத்திகையைக் குருத்து ஞாயிறு மாலையிலோ அதற்கடுத்த இரண்டு நாளிலோ வையுங்கள்.

வியாழக்கிழமை மதியம் ஒத்திகை வைக்கவே வேண்டாம். பல மறைமாவட்டங்களில் அன்று காலைதான் ஆயர் தலைமையில் எண்ணெய் அர்ச்சிப்புத் திருப்பலி நடக்கும், குருக்கள் எல்லோரும் பேராலயத்தில் இருப்பார்கள், உங்கள் பங்குத்தந்தை களைத்துப்போய்த் திரும்பி வருவார். அந்த மதிய நேரம் அவருக்கு ஓய்வுக்கும் ஜெபத்துக்கும் வேண்டும். சில மறைமாவட்டங்களில் அந்தத் திருப்பலியை வாரத்தின் முன்பகுதியிலேயே வைத்துவிடுவார்கள். உங்கள் இடத்தில் எப்போது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

2. பங்குத்தந்தையிடம் இந்தக் கேள்விகளுக்குப் பதில் வாங்குங்கள், எழுத்தில்

வாய்ப்பேச்சாக விட்டுவிட்டால் கடைசி நேரத்தில் “நான் அப்படிச் சொல்லவில்லையே” என்று வரும், யார் மீதும் தப்பில்லாமலே. ஒரு தாளில் எழுதி இருவரும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி, மறுநாள் புனித வெள்ளித் திருப்பாடுகள் வழிபாடு இதே ஆலயத்தில் நடக்குமா? எல்லாமே இந்தப் பதிலைப் பொறுத்தது. நடக்கும் என்றால்தான் நற்கருணைப் பவனியும் மாற்றுப்பீடமும் உண்டு. நடக்காது என்றால் திருப்பலியை வழக்கம்போல் முடித்து நற்கருணையை எப்போதும் வைக்கும் பேழையிலேயே வைத்துவிட வேண்டும். கிளைப்பங்குகளில் இதை யோசிக்காமல் பவனிக்கு எல்லாம் தயார்செய்துவிட்டுப் பிறகு குழம்புவதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, பாதம் கழுவும் சடங்கு உண்டா? அது கட்டாயம் இல்லை, மேய்ப்புப் பணிக்கு ஏற்றதென்றால் செய்யலாம் என்றுதான் விதி சொல்கிறது. மூன்றாவது, திருப்பலியின் நடுவே குரு சொல்லும் நீண்ட மன்றாட்டான நற்கருணை மன்றாட்டில் எது? முதலாம் நற்கருணை மன்றாட்டில் இந்த நாளுக்கென்றே தனிச் சேர்க்கைகள் இருக்கின்றன, அதைச் சொல்வதாக இருந்தால் புத்தகத்தில் அடையாள நாடாவைச் சரியான பக்கத்தில் வைக்க வேண்டும். நான்காவது, நற்கருணை அப்பம், இரசம் என்ற இரு வடிவிலும் வழங்கப்படுமா? ஐந்தாவது, ஆராதனை எத்தனை மணி வரை, கதவைப் பூட்டுவது யார்?

இன்னொன்று, தொடங்கும் நேரம். மாலையில் மக்கள் முழுமையாகக் கலந்துகொள்ள வசதியான நேரம் எதுவோ அது. வேலை முடிந்து வருபவர்களை மனதில் வையுங்கள். திருப்பலியும் பவனியும் சேர்ந்து ஒன்றரை மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் வரை போகும் என்று கணக்கு வைத்துக்கொண்டால், அதன்பிறகு நள்ளிரவு வரை ஆராதனைக்கு நேரம் மிஞ்சும்.

3. தேவையான புத்தகங்கள், தாள்கள், அனுமதிகள்

திருப்பலிப் புத்தகமும் வாசக நூலும் உங்கள் மொழியில் இப்போது நடப்பில் இருக்கும் பதிப்பாக இருக்க வேண்டும். வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சியில் மாறுவதில்லை, ஒவ்வோர் ஆண்டும் இவைதான்: விடுதலைப் பயணம் 12:1-8, 11-14, திருப்பாடல் 116, 1 கொரிந்தியர் 11:23-26, யோவான் 13:1-15. அதனால் வாசகர்களுக்கு மிக முன்னதாகவே கொடுத்துப் பயிற்சி எடுக்கச் சொல்லலாம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. முதல் வாசகத்தில் 9, 10 ஆகிய வசனங்கள் கிடையாது. விவிலியத்தைத் திறந்து வைத்துப் பயிற்சி எடுத்தவர் அந்த வசனங்களையும் சேர்த்து வாசித்துவிடுவார். வாசக நூலின் பக்கத்தையே நகல் எடுத்துக் கொடுங்கள்.

வழிபாட்டு விதிகளுக்கு இரண்டு ஆவணங்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, பாஸ்கா கொண்டாட்டங்களைத் தயாரிப்பது பற்றி வத்திக்கானின் திருவழிபாட்டுப் பேராயம் 1988 ஜனவரி 16-இல் வெளியிட்ட சுற்றறிக்கை. மற்றது, பாதம் கழுவும் சடங்கு பற்றி அதே பேராயம் 2016-இல் வெளியிட்ட ஆணை. இரண்டும் நீளமானவை அல்ல. “இப்படித்தான் எப்போதும் செய்வோம்” என்று குழுவில் வாக்குவாதம் வரும்போது ஒரு பத்தியைக் காட்டினால் போதும், பாதிச் சண்டை அங்கேயே முடியும்.

அப்புறம் அனுமதிகள். ஒரே பங்கில் இரண்டாவது மாலைத் திருப்பலி வைக்க நினைத்தால் ஆயரின் அனுமதி வேண்டும், அதுவும் முதலாவதற்கு எந்த வகையிலும் வர முடியாதவர்களுக்காக மட்டும். உண்மையான தேவை இருந்தால் காலைத் திருப்பலிக்குக்கூட ஆயர் அனுமதி தரலாம், ஆனால் ஒரு சிலரின் வசதிக்காக இதைக் கேட்கக் கூடாது. கடிதத்தைப் பங்குத்தந்தைதான் அனுப்புவார், நீங்கள் காரணத்தையும் எத்தனை பேர் என்பதையும் எழுதிக் கொடுங்கள். புனித வாரத்தில் ஆயரகத்தில் யாருக்கும் கடிதம் எழுத நேரம் இருக்காது, தவக்காலத்தின் பாதிக்குள் அனுப்பிவிடுவது நல்லது. மக்கள் பங்கேற்பு இல்லாத தனித் திருப்பலிக்கு இந்த நாளில் இடமே கிடையாது.

பவனி ஆலயத்துக்கு வெளியே போவதாக இருந்தாலோ, இரவு வெகுநேரம் ஆலயம் திறந்திருக்கும் என்றாலோ உள்ளூர் நிர்வாகத்துக்குத் தகவல் தர வேண்டுமா என்று விசாரியுங்கள். பாடல் தாள் அச்சடித்தால் பாடல்களின் பதிப்புரிமையையும் பாருங்கள். பீடப்பணியாளர்களில் சிறுவர்கள் இருந்தால், எத்தனை மணிக்கு யார் வந்து கூட்டிப்போவார்கள் என்று பெற்றோரிடம் எழுதி வாங்குங்கள், இந்த வழிபாடு ஞாயிறு திருப்பலியை விடத் தாமதமாக முடியும்.

4. அப்பங்களின் எண்ணிக்கை: இங்கே பிசகினால் வெள்ளிக்கிழமையும் பிசகும்

திருப்பலி தொடங்கும் முன் நற்கருணைப் பேழை முற்றிலும் காலியாக இருக்க வேண்டும். அன்று மக்கள் பெறும் அப்பங்கள் அதே திருப்பலியில் வசீகரம் செய்யப்பட்டவையாக, அதாவது அர்ச்சித்து நற்கருணையாக்கப்பட்டவையாக இருக்க வேண்டும் என்பது விதி. மறுநாள் புனித வெள்ளியில் திருப்பலி கிடையாது, ஆகவே வெள்ளிக்கிழமைக்கு வேண்டியதையும் இன்றே வசீகரம் செய்தாக வேண்டும்.

கணக்கு இப்படி: வியாழன் வருகிறவர்கள், வெள்ளி வருகிறவர்கள், வெள்ளியன்று வீட்டிலேயே நற்கருணை பெறும் நோயாளிகள், அதற்கு மேல் கொஞ்சம் கூடுதல். பொதுவாக வெள்ளிக்கிழமைக் கூட்டம் வியாழனை விடப் பெரிது, இதை மறந்து வியாழன் கணக்கையே இரண்டால் பெருக்குபவர்கள் வெள்ளியன்று அப்பத்தைப் பிட்டுப் பிட்டுக் கொடுக்க வேண்டிய நிலைக்கு வருவார்கள். போன ஆண்டின் எண்ணிக்கை இல்லையென்றால் இருக்கைகளை எண்ணி, நின்றுகொண்டிருப்பவர்களுக்கும் சேர்த்துப் போடுங்கள்.

பேழையைக் காலி செய்வது திடீரென்று நடக்காது. குருத்து ஞாயிறுக்குப் பிறகு வரும் திருப்பலிகளில் புதிதாகக் குறைவாக வசீகரம் செய்து, பேழையில் இருப்பதையே கொடுத்துக்கொண்டு வந்தால் புதன்கிழமைக்குள் தீர்ந்துவிடும். இதைக் குருவிடம் முந்தின வாரமே நினைவுபடுத்துங்கள்.

அப்பம் கோதுமையும் தண்ணீரும் மட்டும் சேர்ந்ததாக இருக்க வேண்டும், இரசம் கலப்பில்லாத திராட்சை இரசம். கோதுமை ஒவ்வாதவர்கள் இருந்தால் குளூட்டன் குறைந்த அப்பத்தைத் தனிப் பாத்திரத்தில் வையுங்கள், குளூட்டன் அறவே இல்லாத அப்பம் திருப்பலிக்குச் செல்லாது.

பவனிக்கான நற்கருணைப் பாத்திரம் மூடியோடு மாற்றுப்பீடத்தின் பேழைக்குள் நுழைகிறதா என்று முன்பே வைத்துப் பாருங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் மொத்த மக்களும் முழந்தாளிட்டிருக்கும்போது பாத்திரம் கதவில் இடித்து நின்றால் எல்லோருடைய கவனமும் அங்கே போய்விடும்.

5. பாதம் கழுவும் சடங்கு

யாரைத் தேர்ந்தெடுப்பது? 2016 ஆணைக்குப் பிறகு இறைமக்களில் எவரும் இருக்கலாம்: ஆண், பெண், இளையோர், முதியோர், நலமானவர், நோயுற்றவர், துறவியர், பொதுநிலையினர். பன்னிரண்டு பேர் என்று திருப்பலிப் புத்தகம் எண்ணிக்கை எதுவும் சொல்லவில்லை. சின்ன ஆலயத்தில் ஆறு பேர் போதும். நிதி கொடுத்தவர், பதவியில் இருப்பவர் என்று தேடிப் போகாதீர்கள். யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாத ஆட்கள் ஒவ்வொரு ஆலயத்திலும் பின்வரிசையில் இருப்பார்கள், அவர்களிடம் போய்க் கேளுங்கள்.

கேட்கும்போதே விளக்கமாகச் சொல்லிவிடுங்கள், தேர்ந்தெடுக்கப்படுபவர்களுக்குத் தகுந்த விளக்கம் தர வேண்டும் என்று அந்த ஆணையே கேட்கிறது. எங்கே உட்கார வேண்டும், காலணியை எப்போது கழற்ற வேண்டும், எந்தப் பக்கமாகத் திரும்பிப் போக வேண்டும் என்பதோடு, இது ஏன் செய்யப்படுகிறது என்பதையும். காலில் புண் இருப்பவர், நீரிழிவு உள்ளவர், காலைக் காட்டக் கூச்சப்படுபவர் என்று பலர் இருக்கலாம். தனியாகக் கேட்டால்தான் சொல்வார்கள், கூட்டத்தில் கேட்டால் தலையாட்டிவிடுவார்கள். கடைசி நேரத்தில் ஒருவர் வராமல் போனால் அந்த நாற்காலியை எடுத்துவிடுங்கள், யாரையாவது கையைப் பிடித்து இழுத்து உட்காரவைப்பது அவரைச் சங்கடப்படுத்தும்.

வேண்டிய பொருள்கள்: நீர்க்குவளை, அகலமான பேசின், ஆளுக்கு ஒரு துண்டும் மேலே இரண்டும், குருவுக்கு இடுப்புத் துண்டு, பயன்படுத்திய துண்டுகளைப் போட ஒரு கூடை. தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். குவளை ஒன்றுதான் என்றால் பாதியில் தீர்ந்துபோகும், இரண்டாவதை நிரப்பித் தயாராக வையுங்கள். கழுவி முடித்ததும் குரு தம் கைகளைக் கழுவித் துடைக்க வேண்டும், அதற்குத் தனிக் குவளையும் துண்டும் சோப்பும் வேண்டும். பலரும் விட்டுவிடும் பொருள் இதுதான்.

தரை ஈரமாகும். மைக் வயர், மின் இணைப்புப் பலகை எதுவும் அந்தப் பக்கம் ஓடக் கூடாது. முடிந்ததும் தரையைத் துடைக்க ஒருவரை நியமியுங்கள், ஏனென்றால் அடுத்து அதே வழியில் காணிக்கைப் பவனி வரும். முழந்தாளிட முடியாத குருவாக இருந்தால் தாழ்வான ஸ்டூல் ஒன்றை வையுங்கள், இதை அவரிடம் முன்பே மரியாதையாகக் கேட்டுக்கொள்ளலாம்.

நேரம் மறையுரைக்குப் பிறகு உடனே. ஒருவருக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலும் பன்னிரண்டு பேருக்கு நாற்காலி மாற்றம் எல்லாம் சேர்த்துப் பதினைந்து நிமிடம் ஆகும், பாடகர் குழு அதற்கேற்ற அளவு பாடல் வைத்திருக்க வேண்டும். இந்தத் திருப்பலியில் நம்பிக்கை அறிக்கை கிடையாது. பாதம் கழுவியதும் நேரே நம்பிக்கையாளர் மன்றாட்டு.

6. பாடகர் குழுவுக்கும் மணியடிப்பவருக்கும் தனித் தாள்

“உன்னதங்களிலே” பாடும்போது மணிகள் ஒலிக்கும், அதோடு சனி இரவின் பாஸ்கா திருவிழிப்பில் அதே பாடல் வரும்வரை மணிகள் மௌனம். எழுந்தேற்றத்தில் கைமணி அடிக்கப் பழகிய பீடச் சிறுவர் அன்றும் பழக்கத்தில் அடித்துவிடுவார், ஆகவே பாடல் முடிந்ததும் கைமணியை அங்கிருந்து எடுத்து உள்ளே வைத்துவிடுவது நல்லது. ஆர்கனும் மற்ற இசைக்கருவிகளும் அதன்பிறகு பாட்டுக்குத் துணையாக மட்டும். தனி இசை வேண்டாம்.

“உன்னதங்களிலே” வந்துவிட்டதால் அல்லேலூயாவும் உண்டு என்று பாடகர்கள் நினைத்துக்கொள்வார்கள். கிடையாது. தவக்காலத்தில் பாடுவதுபோல நற்செய்திக்கு முன் வாழ்த்தொலிதான், யோவான் 13:34-இலிருந்து.

பவனிக்கு “பாடுவாய் என் நாவே” பாடலின் கடைசி இரண்டு கண்ணிகளைப் பாடாமல் வைத்திருக்க வேண்டும். பவனி நீளமாக இருந்தால் முந்தைய கண்ணிகளைத் திரும்பப் பாடலாம். அந்த இரண்டு கண்ணிகள், அதாவது “மாண்புயர்” எனத் தொடங்கும் பகுதி, மாற்றுப்பீடத்தில் பாத்திரத்தை வைத்துத் தூபமிடும்போதுதான். பாடகர் குழு ஆலயத்தின் மறுகோடியில் இருந்தால் குரு எப்போது போய்ச் சேர்ந்தார் என்று அவர்களுக்குத் தெரியாது, கைகாட்ட ஓர் ஆளை நிறுத்துங்கள்.

7. காணிக்கையும் செலவும்

இந்த நாளின் காணிக்கைப் பவனியில் ஏழைகளுக்கான கொடைகளைக் கொண்டுவருவது மிகப் பொருத்தம். தவக்காலம் முழுவதும் மக்கள் சேமித்து வைத்ததை அன்று கொண்டுவரலாம் என்று குருத்து ஞாயிறிலேயே அறிவித்தால்தான் வீட்டில் எடுத்து வைப்பார்கள். அந்தப் பணத்தை வழக்கமான காணிக்கையோடு கலக்காதீர்கள். தனிப் பெட்டி, இரண்டு பேர் சேர்ந்து எண்ணுவது, தொகையையும் இருவர் கையொப்பத்தையும் எழுதி வைப்பது, அடுத்த வாரம் அது யாருக்குப் போனது என்று அறிவிப்பது.

செலவைப் பொறுத்தவரை, ஒவ்வோர் ஆண்டும் தீர்ந்துபோகிற பொருள்கள் அப்பம், இரசம், மெழுகு, சாம்பிராணி, கரி, பூக்கள், அச்சுத்தாள். ஒருமுறை வாங்கினால் பல ஆண்டு வருபவை பேசின், குவளை, துண்டுகள், சிலுவை மூடும் துணி, பவனியில் குரு தோளில் போட்டுக்கொள்ளும் தோள்துகில். இரண்டையும் தனித்தனியாக எழுதி நிதிக்குழுவிடம் கொடுத்தால் ஒப்புதல் எளிதாகக் கிடைக்கும். வாங்குவதற்கு முன் திருவுடை அறையின் அலமாரிகளை ஒருமுறை முழுதாகத் திறந்து பாருங்கள், தோள்துகில் அநேகமாக அங்கேயே மடித்துக் கிடக்கும்.

பணம் கரைவது மாற்றுப்பீட அலங்காரத்தில்தான். விளக்குத் தோரணம், துணி மலை, பூ அடுக்கு என்று ஒவ்வோர் ஆண்டும் போட்டி போட்டு ஏறும். 1988 சுற்றறிக்கை எளிமையையும் அடக்கத்தையும்தான் கேட்கிறது. நல்ல வெள்ளைத் துணி, கொஞ்சம் பூ, போதுமான மெழுகுவர்த்தி இருந்தால் ஜெபிக்க வருகிறவருக்கு அது தாராளம். மிச்சப்படும் தொகையை ஏழைகளுக்கான பெட்டியில் சேர்த்துவிடலாம் என்று நிதிக்குழுவில் தைரியமாகச் சொல்லுங்கள்.

8. மாற்றுப்பீடமும் பவனியும்

பேழை ஏற்கனவே தனிச் சிற்றாலயத்தில் இருந்தால் அங்கேயே மாற்றுப்பீடத்தை ஏற்பாடு செய்யலாம். இல்லையென்றால் பக்கப்பீடமோ ஒரு தனி அறையோ. கதவு மூடக்கூடிய பேழை அல்லது பெட்டி அவசியம். கதிர்ப்பாத்திரத்தில் வைத்து மக்கள் பார்வைக்குக் காட்டக் கூடாது. கல்லறை போல வடிவமைக்கவும் கூடாது: நாளை மக்கள் உட்கொள்ளும் நற்கருணையைக் காத்து வைக்கும் இடம் இது, ஆண்டவரின் அடக்கத்தைக் காட்டுவதற்கான இடம் இல்லை. குகையும் பாறையும் செய்துவைக்க இளைஞர் குழு மிகுந்த ஆசையோடு வந்து நிற்கும். கோபப்படாமல் அந்தச் சுற்றறிக்கையைக் காட்டிவிட்டு, இரவு விழிப்பின் பொறுப்பை அவர்களிடம் கொடுங்கள்.

நற்கருணை வழங்கி முடித்து, மறுநாளுக்கான பாத்திரம் பீடத்தின் மேல் இருக்க, குரு நன்றி மன்றாட்டைச் சொல்வார். இறுதி ஆசீர் கிடையாது. குரு தூபக் கலசத்தில் சாம்பிராணி இட்டு, முழந்தாளிட்டு மும்முறை தூபமிட்டு, வெள்ளைத் தோள்துகிலை அணிந்து பாத்திரத்தை எடுத்துத் துகிலின் முனைகளால் மூடிக்கொள்வார். முன்னே சிலுவை, அதன் இருபக்கமும் எரியும் மெழுகுவர்த்தி, அடுத்து மெழுகுவர்த்தி ஏந்தியவர்கள், குருவுக்கு நேர் முன்னே தூபக் கலசம். மக்கள் பின்தொடர்கிறார்களா இடத்திலேயே இருக்கிறார்களா என்பதை முன்பே அறிவித்துவிடுங்கள், சொல்லாவிட்டால் பாதிப்பேர் எழுந்து வர பாதிப்பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

அறிவிப்புகள் எல்லாவற்றையும் திருப்பலி தொடங்கும் முன்பே முடித்துவிடுங்கள், நன்றியுரையையும் சேர்த்து. பவனிக்குப் பிறகு அறிவிப்புக்காக யாரும் மைக்கைத் தொடக் கூடாது. வெள்ளிக்கிழமை நேரம், நோன்பு, ஒறுத்தல் பற்றியெல்லாம் வாசலில் ஒட்டிவையுங்கள்.

கரியை எப்போது பற்றவைப்பது என்பது சின்ன வேலை போலத் தெரியும். நற்கருணை வழங்கத் தொடங்கும்போது பற்றவைத்தால் நன்றி மன்றாட்டு முடியும்போது சரியாகக் கனிந்திருக்கும். பேழையின் சாவி யாரிடம்? மாற்றுப்பீடத்தில் கதவு திறந்தபடி, சாவி பூட்டிலேயே இருக்க வேண்டும், பூட்டியபின் அதைக் குருவோ அவர் சொல்லும் ஒரே ஒருவரோ எடுத்துக்கொள்ள வேண்டும்.

நோயாளிகளுக்கு வீட்டில் நற்கருணை கொடுக்க ஏற்பாடு இருந்தால், நற்கருணை வழங்கும் நேரத்திலேயே நற்கருணைப் பணியாளர்கள் பீடத்திலிருந்து நேரடியாக வாங்கிக்கொண்டு கிளம்பலாம். நோயாளியும் அந்த இரவின் திருப்பலியோடு சேர்ந்துகொள்கிறார். முடிந்தால் கட்டாயம் செய்யுங்கள், படுக்கையில் இருப்பவருக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது அங்கே போய்வந்தவர்களுக்குத் தெரியும்.

9. பீடத்தைக் களைவது

இதற்குத் தனிச் சடங்கு எதுவும் இல்லை, வசதியான நேரத்தில் அமைதியாகச் செய்யலாம். துணி, மெழுகுவர்த்தி, பூ எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். சிலுவைகளை முடிந்தால் அப்புறப்படுத்த வேண்டும், முடியாதவற்றைச் சிவப்பு அல்லது ஊதாத் துணியால் மூட வேண்டும். புனிதர் சிலைகளின் முன் விளக்கு ஏற்றக் கூடாது. நான்கு பேர், ஆளுக்கொரு வேலை, எதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று முன்பே பேசிவையுங்கள். உயரத்தில் இருக்கும் சிலுவையை மூட ஏணி வேண்டும் என்றால், துணியைப் பகலிலேயே அளந்து தைத்துக் கயிறும் கட்டி வைத்துவிடுங்கள். மக்கள் ஜெபித்துக்கொண்டிருக்கும்போது ஏணியை இழுத்துக்கொண்டு வராதீர்கள்.

10. நள்ளிரவு வரை ஆராதனை

அன்பியங்கள் (பங்கின் சிறு குழுக்கள்), இளைஞர், மறைக்கல்வி மாணவர், துறவியர் என்று அரைமணிக்கோ ஒரு மணிக்கோ ஒரு குழுவாகப் பட்டியல் போடுங்கள். எப்போதும் குறைந்தது இரண்டு பெரியவர்கள் அங்கே இருக்க வேண்டும், நற்கருணைக்காகவும் மெழுகுவர்த்திகளுக்காகவும். ஒரு குழுவின் நேரத்தில் கொஞ்சம் வாசகம், ஒரு பாடல், மிச்சம் மௌனம். யோவான் நற்செய்தி 13 முதல் 17 வரையான அதிகாரங்களிலிருந்து பகுதிகளை வாசிக்கலாம், இந்த இரவுக்கு அதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு குழுவும் மைக்கில் போட்டிபோட்டுப் பாட ஆரம்பித்தால் தனியாக வந்து ஒரு மூலையில் அழுதுகொண்டு ஜெபிப்பவருக்கு இடமே இருக்காது. மைக்கின் ஒலியைக் குறைத்து வையுங்கள், பாதி நேரம் அணைத்தே வையுங்கள்.

நள்ளிரவுக்குப் பிறகு வெளிப்படையான ஆடம்பரம் எதுவும் இல்லாமல்தான் ஆராதனை தொடர வேண்டும், ஏனென்றால் ஆண்டவருடைய பாடுகளின் நாள் தொடங்கிவிட்டது. அந்த நேரத்தில் பாடலை நிறுத்தி, பூக்களையும் அதிகப்படி விளக்குகளையும் எடுத்துவிட்டால் போதும். மக்கள் அமைதியாக இருக்க விரும்பினால் இருக்கலாம்.

தீயணைப்பான், எரியும் மெழுகுக்கும் துணிக்கும் நடுவே இடைவெளி, கழிவறை விளக்கு, வாகனம் நிறுத்தும் இடத்தில் வெளிச்சம், தனியாக வந்த பெண்கள் திரும்பிப் போக ஏற்பாடு. இவற்றைச் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறேன், ஆனால் நீங்கள் ஒன்றைக்கூட விட வேண்டாம்.

11. வெள்ளிக்கிழமைப் பொறுப்பாளரிடம் ஒப்படைப்பது

பூட்டுவதற்கு முன் வெள்ளிக்கிழமை ஒருங்கிணைப்பாளருக்கு ஒரு தாள் எழுதி வையுங்கள்: மாற்றுப்பீடத்தில் உள்ள அப்பங்களின் தோராய எண்ணிக்கை, பேழைச் சாவி யாரிடம், ஆராதனைக்கான பெரிய சிலுவை எந்த அறையில், சிவப்புத் திருவுடை சலவையாகி வந்துவிட்டதா, நற்கருணை வழங்கும் நேரத்தில் பீடத்தில் விரிக்க வேண்டிய துணி எங்கே மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. ஈரத் துண்டுகளை அன்றிரவே பிழிந்து உலர்த்திவிடுங்கள், கூடையில் மூடி வைத்தால் ஞாயிறு வரை யாரும் அதைத் திறக்க மாட்டார்கள்.